மங்கியது எது?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆய்வகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்களின் சுவரொட்டிகளை வரிசையாக மாட்டியிருந்த ஒரு மதியம். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஏர்கான். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 37 டிகிரிதான் (1983-இல் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் இன்னொருமுறை). ஆனால் கட்டடங்களுக்குள் நமக்கு வருடம் முழுக்க மார்கழி. கையில் கறிபஃப் தட்டோடு வந்து நின்ற ஒரு பெரியவர் என் சுவரொட்டியில் இருந்த, ஒளிரும் பூச்சு ஒன்று சூட்டில் மங்குவதைக் காட்டும் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இட்ரியம் ஆக்சைடில் இருக்கிற யூரோபியம் இவ்வளவு சீக்கிரமாகவா மங்கும்?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "மெல்லிய படலம் இல்லையா, குறைபாடுகள் அதிகம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சுவரொட்டிக்கு நகர்ந்துவிட்டார்.

பதில் அவ்வளவு வேகமாக வந்ததுதான் என்னை உறுத்தியது. தெரிந்த விஷயத்துக்குப் பதில் சொல்லும்போது நான் கொஞ்சம் திக்குவேன், இதையும் சொல்லவா அதையும் சொல்லவா என்று தடுமாறுவேன். அன்று வழுக்கிக்கொண்டு வந்தது. இரவு ஈசூனுக்கு ரயிலில் திரும்பும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

வரைபடத்தில் இருந்தது இதுதான். குவார்ட்ஸ் கண்ணாடிச் சில்லின்மேல், யூரோபியம் என்கிற அருமண் உலோகத்தைக் கலந்த இட்ரியம் ஆக்சைடைச் சுமார் 300 நானோமீட்டர் தடிமனுக்குப் பூசியிருந்தேன். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதன்மேல் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் 611 நானோமீட்டரில் ரத்தச் சிவப்பாக ஒளிரும். சில்லை ஒரு சூடேற்றும் மேடையில் வைத்து அறை வெப்பத்திலிருந்து 400 டிகிரி வரை ஏற்றிக்கொண்டே போனேன். 100 டிகிரியைத் தாண்டியதும் சிவப்பு குறையத் தொடங்கியது, 300-இல் பாதி போய்விட்டது. வழவழவென்று இறங்கும் அழகான வளைவு. என் மேற்பார்வையாளருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதை வெப்பமானியாக விற்கலாம். சூடான ஒரு பரப்பில் இந்தப் பூச்சைப் பூசிவிட்டு, தூரத்திலிருந்தே ஒளியைப் பார்த்து வெப்பநிலையைச் சொல்லிவிடலாம், கம்பி வேண்டாம். 1930-களிலிருந்தே இருக்கிற யோசனைதான். சுழல்கிற டர்பைன் தகட்டின்மேல் தெர்மோகப்புளை (கம்பியாலான வெப்ப உணரியை) ஒட்டவைப்பது எவ்வளவு தலைவலி என்று செலேத்தாரில் விமான எஞ்சின் பக்கம் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எந்தச் சூடு?

வீட்டில் இதை விளக்கப் போய் நான் மாட்டிக்கொண்ட குழப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் நடுவில் ஆய்வைப் பற்றிப் பேசினால் ஒரே கேள்விதான் வரும். "சூடு பண்ணினா வெளிச்சம் கூடுமா, குறையுமா?" போன மாதம் கூடும் என்றேன், இந்த மாதம் குறையும் என்கிறேன். சித்தப்பா கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

இரண்டுமே சரி. இங்கே இரண்டு சூடுகள் இருக்கின்றன. ஒன்று படலம் பட்ட சூடு, இன்னொன்று படலம் இப்போது படுகிற சூடு. கரைசலைச் சுழற்றிப் பூசி உலர்த்தியவுடன் அது ஒழுங்கில்லாத ஒரு மேலோடு. அணுக்கள் சந்தைக் கூட்டம்போல நிற்கும். இடையிடையே நீரின் மிச்சமாக ஹைட்ராக்சில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உலையில் வைத்து 600, 800, 1000 டிகிரி என்று வாட்டினால் அணுக்கள் வரிசைக்கு வரும், ஹைட்ராக்சில் ஓடிவிடும், ஒளிர்வு பல மடங்கு கூடும். உலையை அணைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தப் பலன் படலத்திலேயே தங்கிவிடும். செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள், சுட்டபின் ஆறினாலும் அது மறுபடி களிமண் ஆகாது. இது பட்ட சூடு. அளக்கிற நேரத்தில் இருக்கிற சூடு வேறு, அது விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போகும். மேடை ஆறினால் ஒளி பழையபடி திரும்பிவிடும். துறையில் எழுதுகிற கட்டுரைகளிலேயே சில சமயம் இரண்டையும் 'வெப்பநிலையின் விளைவு' என்று ஒரே தலைப்பில் கட்டிவிடுகிறார்கள். சித்தப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பட்ட சூட்டிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. வாட்டினால் ஒளி கூடுவது முழுக்க, ஒளியை விடுகிற யூரோபியம் அயனியின் (மின்னேற்றம் பெற்ற அணுவின்) பெருமை இல்லை. இட்ரியம் ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 1.9. அதனால் படலத்துக்குள் பிறக்கிற ஒளியில் மேல்பக்கமாகத் தப்பி வெளியே வருவது ஏழெட்டு சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு படலத்துக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் முட்டி மோதி, ஓரமாகக் கசிந்து போய்விடும். நன்றாக வாட்டிய படலத்தின் பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாகும். சிறைப்பட்ட ஒளி அந்தச் சொரசொரப்பில் சிதறி வெளியே வரும். நாம் அயனி பலசாலி ஆகிவிட்டது என்று எழுதிக்கொள்வோம். கதவைத்தான் அகலமாகத் திறந்திருக்கிறோம்.

இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். அதே சந்தேகத்தை என் இறங்கும் வளைவின்மேல் மட்டும் நான் திருப்பவில்லை.

குறைபாடு என்கிற கோணிப்பை

மெல்லிய படலங்களோடு வேலை செய்கிறவர்களிடம் ஒரு கோணிப்பை இருக்கிறது. புரியாததையெல்லாம் அதற்குள் போடுவோம். ஒளி குறைவாக இருந்தால் குறைபாடு, கூடுதலாக இருந்தாலும் குறைபாடு, கோடு தடித்திருந்தால் குறைபாடு. பல நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைப்பதால்தான் இந்தப் பழக்கம் போகவில்லை.

ஆனால் யூரோபியத்தின் விஷயத்தில் அந்தப் பெரியவரின் வியப்பு நியாயமானது. அருமண் அயனிகளின் ஒளிர்வைத் தருகிற எலக்ட்ரான்கள் உள்ளறையில் குடியிருப்பவை. வெளிக்கூட்டில் இருக்கிற எலக்ட்ரான்கள் அவற்றைச் சுற்றிச் சுவர்போல நிற்கின்றன, படிகத்தின் சலசலப்பு உள்ளே அவ்வளவாகக் கேட்காது. கிளர்ச்சியடைந்த யூரோபியம் தன் ஆற்றலை ஒளியாக விடாமல் வெறும் வெப்பமாகக் கொட்ட வேண்டுமென்றால், இட்ரியம் ஆக்சைடு படிகத்தின் மிகப் பெரிய அதிர்வுகளில் சுமார் இருபதை ஒரே நேரத்தில் கிளப்ப வேண்டும். இருபது படியை ஒரே தாவலில் இறங்குவது மாதிரி, நடக்கிற காரியமில்லை. ஹைட்ராக்சில் இருந்தால் கதை வேறு. அதன் அதிர்வு பெரியது, மூன்று நான்கே போதும், அதனால்தான் சரியாக வாட்டாத படலம் மங்கலாக இருக்கிறது. என் படலம் 1000 டிகிரியில் வாட்டியது. மற்றொரு வழி, பக்கத்து ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரான் ஒன்று தாவிவருகிற நிலை வழியாக நழுவுவது. அந்த மேட்டில் ஏற நல்ல சூடு வேண்டும். தூளாக இருக்கும்போது இதே பொருள் 500 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும் என்பது இந்தத் துறையில் பழைய செய்தி. ஆனால் நான், அது 100 டிகிரியிலேயே சரிகிறது என்று வண்ணத்தில் அச்சடித்து மாட்டியிருந்தேன்.

மாட்டிய பிறகும் ஒரு மாதம் ஒன்றும் செய்யவில்லை. செய்யாததற்குக் காரணம் சோம்பல் என்று சொல்ல ஆசை. உண்மையில் வளைவு அழகாக இருந்தது, மேற்பார்வையாளர் மகிழ்ச்சியாக இருந்தார், அவ்வளவுதான்.

அப்பாவின் குளிர்க்கிடங்கு

அப்பா எலெக்ட்ரீஷியன். முப்பது வருடம் குத்தகைக்காரர்களிடம் வேலை பார்த்தவர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் தாழ்வாரங்கள், பள்ளிக்கூடங்கள், ஜூரோங் பக்கம் கிடங்குகள் என்று அவர் மாட்டிக் கழற்றிய டியூப்லைட்டுகளுக்குக் கணக்கே இருக்காது. அவற்றின் உட்சுவரில் பூசியிருக்கும் வெள்ளைப் பொடியில் சிவப்பைத் தருவது, என் படலத்தில் இருக்கிற அதே யூரோபியம் கலந்த இட்ரியம் ஆக்சைடுதான். கொஞ்சம் நல்ல டியூப்களில் எல்லாம் அது உண்டு. அப்பாவும் மகளும் ஒரே பொருளைத்தான் வேலையாக வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை சொன்னேன். "எனக்கு ஒண்ணு ரெண்டு வெள்ளிதான் கிடைச்சிச்சு, உனக்கு ஸ்காலர்ஷிப்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் மீன் வாங்கிவிட்டுக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கோப்பி ஓ, எனக்குத் தே தாரிக். சூடு ஏறினால் ஒளி மங்கும் என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்படி இல்லம்மா. குளிர்லதான் மங்கும். கோல்ட் ஸ்டோரேஜ்ல டியூப் மாட்டிப் பாரு. ஏத்தினா முழுசா ஏறாது. உள்ள பாம்பு மாதிரி நெளியும். ஓரமெல்லாம் ரோஸ் கலர்ல கிடக்கும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "அப்பா, அது பொடியோட குத்தம் இல்ல. குளிர்ல டியூபுக்குள்ள இருக்கிற பாதரசம் ஆவியாகாது. ஆவி கம்மியானா புற ஊதா கம்மி. பொடிக்குச் சாப்பாடே போகல, அது என்ன செய்யும்? நீங்க பாக்கிறது பொடி மங்கினது இல்ல."

"சரி. ரொம்பச் சூட்டுலயும்தான் மங்குது. மூடின ஃபிட்டிங்ல போட்டா வெளிச்சம் இறங்கிடும்."

"அதுவும் பாதரசம்தான். ஆவி அதிகமானா, தான் விடுற புற ஊதாவைத் தானே விழுங்கும். அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு, சாதாரண டியூபுக்குச் சுத்துவட்டாரம் 25 டிகிரி, மெல்லிசு டியூபுக்கு 35. அதுக்கு மேலயும் கீழயும் வெளிச்சம் குறையும். பொடி ரெண்டு பக்கமும் பாவம், சும்மா இருக்கு."

"அப்ப உன் கண்ணாடியில மட்டும் பொடிதான் மங்குதுன்னு எப்படித் தெரியும்?"

அப்பா இதை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. மீன் பை ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் எனக்குத் தே தாரிக் இறங்கவில்லை. பொடிமேல் தப்பில்லை என்று அரை மணி நேரம் வாதாடியது நான்தான். என் மேடையில் இருக்கிற படலத்துக்காக ஒரு நிமிடம்கூட வாதாடியதில்லை.

குமிழைத் திருப்பினேன்

திங்கட்கிழமை ஆய்வகத்தில் ஒரு அக்காவிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரர், எங்களுக்கெல்லாம் மூத்தவர். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "ஆயுளை எடுத்தியா?" என்றார். எடுக்கவில்லை.

ஆயுள் என்பது இதுதான். தொடர்ந்து ஒளியைப் பாய்ச்சுவதற்குப் பதில், லேசரால் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும். அதன்பின் படலம் எவ்வளவு நேரம் மினுங்கி அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். யூரோபியத்துக்கு அது ஆயிரத்தில் ஒரு நொடி அளவு. இதன் அருமை என்னவென்றால், எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்பது இதற்குப் பொருட்டே இல்லை. லென்ஸில் தூசி படிந்தாலும், லேசர் சோர்ந்தாலும், பாதி ஒளி வழியில் தொலைந்தாலும், மிச்சம் வருவது அதே வேகத்தில்தான் அடங்கும். அயனியே வேறு வழியில் ஆற்றலைக் கொட்டத் தொடங்கினால் மட்டும் அந்தக் கடிகாரம் வேகமாக ஓடும். ஒளி பாதியானது அயனியால் என்றால் ஆயுளும் பாதியாகியிருக்க வேண்டும்.

பக்கத்து ஆய்வகத்தின் லேசருக்கு முறை கிடைக்க ஒன்பது நாள் ஆனது. அறை வெப்பத்தில் ஒன்று, 100-இல் ஒன்று, 200, 300, 400. ஐந்து கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் போட்டபோது ஒரே கோடுதான் தெரிந்தது. மென்பொருள் பழுதென்று நினைத்து மறுபடி போட்டேன். அதே ஒரே கோடு.

எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று தோன்றியது. அக்கா விடவில்லை. "இதுல ஒரு ஓட்டை இருக்கு. ஒளியை வாங்குறது ஆக்சிஜனும் யூரோபியமும் சேர்ந்த நிலை. அங்கருந்து கீழ வராமலே ஆற்றல் வேற பக்கம் போயிருந்தா? சிவப்பு குறையும், ஆயுள் அப்படியே இருக்கும்." உண்மைதான். கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நடக்கிற திருட்டு கடிகாரத்தில் தெரியாது. அப்புறம் அக்கா என் பழைய மேடைக்கு வந்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, "சூடானதும் ஃபோகஸைத் திருப்பிப் பார்த்திருக்கியா?" என்றார்.

மேடை ஓர் எஃகுத் தூணின்மேல் நின்றது. தூண் சுமார் 100 மில்லிமீட்டர். ஒளியைச் சேகரிக்கும் லென்ஸும் அதைக் கடத்தும் ஃபைபர் இழையும் வெளியே, மேசையில் தனியாகப் பூட்டியிருந்தன, அவை சூடாவதே இல்லை. எஃகுத் தூண் 200 டிகிரி சூடானால் சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளும். ஃபைபரின் வாய் 0.2 மில்லிமீட்டர். படலம் அவ்வளவு உயர்ந்துவிட்டால் அதன் ஒளியில் ஒரு பங்கு அந்த வாய்க்குள் விழாமலே போய்விடும்.

மேடையை 300-க்கு ஏற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். திரையில் சிவப்புச் சிகரம் பாதியாக, சுவரொட்டியில் இருந்தபடியே, பணிவாக நின்றது. மேடையை உயர்த்தி இறக்கும் குமிழைக் கீழ்ப்பக்கமாக ஒரு கால் சுற்றுத் திருப்பினேன். சிகரம் ஏறியது. இன்னும் கொஞ்சம். மறுபடி ஏறியது. படலத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதே 300 டிகிரி, அதே விளக்கு. நான் ஒரு குமிழைத் திருப்பினேன், என் ஒரு வருடத்து முடிவு திரையில் ஊர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

முழுதாக ஏறவில்லை, கொஞ்சம் பாக்கி இருந்தது. அதற்கும் மறுநாள் காரணம் கிடைத்தது, அதுவும் என் கைவேலைதான். சூடு ஏற ஏற யூரோபியத்தின் கூரான சிகரம் கொஞ்சம் தடிக்கும், உயரம் குறையும், அதற்குள் அடங்குகிற பரப்பு மாறாது. மணல் குவியலைத் தட்டிவிட்டால் உயரம் குறைகிற மாதிரி. மணல் எங்கும் போவதில்லை. நான் வரைபடத்துக்கு எடுத்திருந்தது சிகரத்தின் உயரத்தை மட்டும். பரப்பை எடுத்துப் போட்டதும் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. அக்கா காட்டிய அந்த ஓட்டை வழியாக 400 டிகிரிவரை பெரிதாக எதுவும் போகவில்லை.

பாக்கி

மேற்பார்வையாளரிடம் சொன்ன நாளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மேடையைப் புதிதாக வடிவமைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நல்லவேளை, அந்த வரைபடம் கட்டுரையாக எங்கும் போகவில்லை. சுவரொட்டியைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

புதிய மேடையில் லென்ஸும் சில்லும் ஒரே சட்டத்தில் பூட்டியிருக்கின்றன, 700 டிகிரி வரை போகலாம். போய்ப் பார்த்தேன். 525 டிகிரி அளவில் மேடையே மங்கலாகச் சிவக்கத் தொடங்கிவிடும். கிட்டத்தட்ட எந்தத் திடப்பொருளும் அந்தச் சூட்டில் தானாகச் சிவக்கும். சிவப்பு ஒளியை அளக்கிற இடத்தில் அது பெரிய இடைஞ்சல். ஆயுளை அளப்பவர்களுக்கு அதுவும் சமாளிக்கக்கூடியதே. மேடையின் சிவப்பு லேசர் தட்டுக்கெல்லாம் அசையாமல் சீராக நிற்கும், கழித்துவிடலாம். 600-ஐத் தாண்டியபோது கடிகாரம் மெல்ல வேகம் பிடித்தது. அந்தப் பெரியவர் எதிர்பார்த்திருக்கக்கூடிய இடத்தில், தூளில் எல்லோரும் பார்த்தபடியே. வெப்பமானியாக விற்க வேண்டுமென்றால் இந்தச் சரிவை விற்கலாம். ஒளியின் அளவை வைத்து விற்கிறவர்களிடம் மட்டும் தூண் எவ்வளவு நீளம் என்று நான் இப்போது கேட்டுவிடுவேன்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின்படி டியூப்லைட்டுகளின் உற்பத்தி 2027-க்குள் நின்றுவிடும். அப்பாவின் ஸ்டோர் ரூமில் இன்னும் ஒரு பெட்டி டியூப் இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று கேட்க என் அறைக்கு வந்தவர், மடிக்கணினியில் இருந்த புதிய வரைபடத்தைப் பார்த்தார். அறை வெப்பத்திலிருந்து 400 வரை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடுகிற கோடு.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் மாறல, அப்பா. அதான் இருக்கு."

"இதுக்கா ரெண்டு வருஷம்?" என்றபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.